அஞ்சறைப்பெட்டியும் நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க்கும்

‘ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது’ என்று போன் கத்தாத வீடே இன்று இல்லை. பாப்பாவின் முதல் பிறந்தநாள், அக்கா கல்யாணம், தாத்தாவின் சதாபிஷேகம், ஸ்கூல் ஆண்டு விழா டான்ஸ்... இதில் எதை அழிப்பது? எதையும் அழிக்க மனசு வராது. கிளவுடுக்கு மாதா மாதம் பணம் கட்டவும் மனசு வராது. அப்போதுதான் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் உறவுக்காரப் பையன் ஒரு யோசனை சொல்வான். ‘பேசாம ஒரு நாஸ் வாங்கிப் போட்டுடுங்க சித்தி!’

‘நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ்’ என்பதன் சுருக்கம்தான் நாஸ். ரவுட்டர் பக்கத்தில் வைக்கிற ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஒன்று, இரண்டு அல்லது நான்கு ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். வீட்டில் இருக்கும் எல்லா போன்களும், லேப்டாப்பும், டி.வி-யும் வைஃபை வழியாக அதில் படங்களைப் போடலாம், எடுக்கலாம். ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் போதும், வாடகை கிடையாது. போட்டோ ஸ்டூடியோ, ஆடிட்டர் ஆபீஸ், சின்ன கிளினிக் என்று பல இடங்களிலும் இந்தப் பெட்டி சத்தமில்லாமல் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறது.

‘நம்ம வீட்டுக்குள்ளதானே இருக்கு, யார் வந்து எடுக்கப் போறாங்க’ என்ற நிம்மதிதான் இதை வாங்குவதற்கு முக்கியக் காரணம். அந்த நிம்மதி எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

பீரோ இல்லை, வாட்ச்மேன்

பென் டிரைவை மேஜை டிராயரில் போட்டால், அது அங்கேயே கிடக்கும். யாரோடும் பேசாது. நாஸ் அப்படி இல்லை. அது 24 மணி நேரமும் விழித்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர். உள்ளே பிராசஸர் உண்டு, மெமரி உண்டு, பெரும்பாலும் லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம் உண்டு. அதன் முக்கிய வேலையே, ‘யார் வந்திருக்கீங்க, என்ன வேணும்?’ என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பதுதான்.

உங்கள் லேப்டாப் நாஸிடம் போய் ஒரு படத்தைக் கேட்கிறது என்று வையுங்கள். பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்பே இரண்டுக்கும் ஒரு சின்ன அறிமுகப் பேச்சு நடக்கும். ‘வணக்கம், நான் இன்ன கம்ப்யூட்டர். எனக்கு ஒரு தடவைக்கு இவ்வளவு டேட்டா அனுப்பலாம்’ என்று லேப்டாப் சொல்லும். ‘சரி, குறிச்சுக்கிட்டேன். இப்போ பாஸ்வேர்ட் சொல்லு’ என்று நாஸ் சொல்லும். கல்யாண வீட்டு வாசலில், யார் என்று தெரிவதற்கு முன்பே ‘வாங்க வாங்க’ என்று சொல்வது மாதிரி.

அந்த ‘வாங்க வாங்க’ கட்டத்திலேயே தவறு இருந்தால், உங்கள் பாஸ்வேர்ட் எட்டு எழுத்தா, எண்பது எழுத்தா என்பதற்கு அர்த்தமே இல்லை. பேச்சு அதுவரை போகாது!

கடுகு வழிந்தால் என்ன ஆகும்?

இப்படி நடக்கும் தவறுகளில் மிகப் பழையதும் மிகப் பிரபலமானதும் ‘பஃபர் ஓவர்ஃப்ளோ’. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உங்கள் சமையலறையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது.

அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். கடுகுக்கு ஒரு கிண்ணம், பக்கத்தில் சீரகம், அதற்குப் பக்கத்தில் மஞ்சள்தூள். கடுகுக் கிண்ணம் இவ்வளவுதான் பிடிக்கும் என்று நமக்குத் தெரியும். கால் கிலோ பாக்கெட்டை அப்படியே கவிழ்த்தால் வழிந்து சீரகத்தில் விழும், மஞ்சளில் விழும். கண் இருப்பதால் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

கம்ப்யூட்டரின் மெமரியும் அஞ்சறைப்பெட்டிதான். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சின்ன இடம். அந்த இடத்துக்குப் பெயர்தான் பஃபர். அளவை பைட் கணக்கில் சொல்வார்கள். ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்து உட்காரும் இடம். வெளியிலிருந்து வரும் தகவல், ஒதுக்கிய இடத்தைவிடப் பெரிதாக இருந்தால் என்ன ஆகும்? புரோகிராம் எழுதியவர், ‘கொட்டுவதற்கு முன் அளவைப் பார்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் எதுவும் ஆகாது. எழுத மறந்திருந்தால், கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. கொட்டிக்கொண்டே இருக்கும். வழிந்தது பக்கத்துக் கிண்ணத்தில் இருப்பதை அழித்துவிடும்.

சமையலறையில் என்றால் ரசத்தின் ருசி கெடும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் ஆபத்து வேறு மாதிரி. பக்கத்துக் கிண்ணத்தில் சீரகம் இல்லாமல் ஒரு துண்டுச்சீட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ‘அடுத்து வரும் சாமானை எந்த ஷெல்ஃபில் வைக்க வேண்டும்’ என்று அதில் எழுதியிருக்கிறது. வழிந்து விழுவது வெறும் கடுகு என்றால், சீட்டு கிழிந்து புரோகிராம் நின்றுபோகும். ஆனால் வந்தவர் கெட்டிக்காரத் திருடர் என்றால், சரியாகக் கணக்குப் போட்டு, தானே எழுதிய சீட்டு அந்த இடத்தில் போய் உட்காரும்படி கொட்டுவார். அதன்பிறகு அந்த வீட்டு வேலைக்காரர் அவருடைய சீட்டைப் பார்த்துதான் வேலை செய்வார்!

18 வருடம் கண்ணில் படாத நான்கு பைட்

இது கற்பனை இல்லை. ‘நெட்டாடாக்’ என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்கள், மற்ற வகைக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் கோப்புகளை எடுக்கவும் வைக்கவும் உதவுகிற மொழிபெயர்ப்பாளர் அது. நாஸ் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு இது வசதியாகப் போயிற்று. ‘எங்கள் பெட்டியில் மேக்கும் வேலை செய்யும்’ என்று சொல்ல, இதையே எடுத்து உள்ளே வைத்தார்கள்.

2018 டிசம்பரில், டெனபில் என்ற பாதுகாப்பு நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த ஜேக்கப் பெய்ன்ஸ் இதில் ஒரு தவறைக் கண்டுபிடித்துச் சொன்னார். நான் மேலே சொன்ன அறிமுகப் பேச்சில்தான் தவறு. ‘எனக்கு ஒரு தடவைக்கு இவ்வளவு அனுப்பலாம்’ என்று வந்தவர் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்ள, நெட்டாடாக் ஒதுக்கிய இடம் 4 பைட். சரி, அந்த எண் எவ்வளவு நீளம் என்று யார் சொல்வது? அதையும் வந்தவரே சொல்வார்! ‘4’ என்று சொன்னால் 4 பைட்டைக் காப்பி செய்யும். ‘255’ என்று சொன்னால்? கேள்வி கேட்காமல் 255 பைட்டையும் அந்த 4 பைட் கிண்ணத்தில் கொட்டும்.

பக்கத்தில் இருந்தது என்ன தெரியுமா? அடுத்து வரும் செய்தியை மெமரியில் எங்கே வைக்க வேண்டும் என்ற முகவரி. துண்டுச்சீட்டு உதாரணம் இப்போது புரிந்திருக்கும். அந்த முகவரியை மாற்றிவிட்டால், அடுத்த செய்தியை நினைத்த இடத்தில் எழுதலாம்.

எந்த இடத்தில் எழுதினார் பெய்ன்ஸ்? நெட்டாடாக்கிடம் இரண்டு பட்டியல்கள் உண்டு. பாஸ்வேர்ட் சொல்வதற்கு முன் ஒருவர் என்னென்ன கேட்கலாம் என்பது ஒன்று. சொன்ன பிறகு என்னென்ன கேட்கலாம் என்பது இன்னொன்று. முதல் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டாவது பட்டியலில் இருக்கும் வேலைகளை அவர் எழுதிவிட்டார். பாஸ்வேர்டே சொல்லாமல், உள்ளே என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பார்க்கவும், அவற்றைப் படிக்கவும் முடிந்தது. எல்லா மாடலிலும் இது ஒரே மாதிரி சுலபம் இல்லை. சில பெட்டிகளில் கூடுதல் பாதுகாப்பு இருந்ததால் வேலை கடினம். ஆனால் அடிப்படைத் தவறு எல்லாவற்றிலும் இருந்தது.

இந்தத் தவறு புரோகிராமுக்குள் வந்தது 2000-ம் ஆண்டு. 18 வருடங்கள்! அந்த வருடம் பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் இது யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கக்கூடிய திறந்த சாஃப்ட்வேர். எல்லோரும் பார்க்கலாம் என்பதாலேயே, யாராவது பார்த்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள் போல. திருத்தம் மிகச் சின்னது. ‘வந்தவர் சொல்லும் நீளம் 4 தானா என்று பார், இல்லையென்றால் பேச்சை முடித்துக்கொள்’ என்று சொல்லும் சில வரிகள். அது நெட்டாடாக்கின் 3.1.12 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

எல்லாக் கம்பெனியிலும் ஒரே ஓட்டை ஏன்?

ஒரே கடையில் வாங்கிய மாவில்தான் தெருவில் இருக்கும் நாலு ஹோட்டலும் இட்லி ஊற்றுகின்றன என்றால், மாவு புளித்தால் நாலு ஹோட்டல் இட்லியும் புளிக்கும். போர்டில் எழுதிய பெயர் வேறாக இருந்தாலும்!

2022-ல் இது மறுபடியும் நடந்தது. அதற்கு முந்தைய வருடக் கடைசியில் ‘பொன்-டு-ஓன்’ என்ற போட்டி நடந்தது. கருவிகளில் ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு கொடுக்கும் போட்டி இது. அங்கே என்.சி.சி குரூப் என்ற நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் வெஸ்டர்ன் டிஜிட்டலின் நாஸ் ஒன்றுக்குள் நுழைந்து காட்டினார்கள். வழி கொடுத்தது, அதே நெட்டாடாக்கில் இருந்த இன்னொரு தவறு. 2022 மார்ச்சில் நெட்டாடாக் திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தத்தில் அடைக்கப்பட்டவற்றில் பல, பஃபர் ஓவர்ஃப்ளோ ரகம்தான். அடுத்த மாதமே சினாலஜி, க்யூநாப் என்ற மற்ற இரண்டு பெரிய நாஸ் கம்பெனிகளும் தங்கள் வாடிக்கையாளர்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் இன்னும் ஒரு படி மேலே போய், தன் சாஃப்ட்வேரிலிருந்து நெட்டாடாக்கையே தூக்கிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மூல சாஃப்ட்வேரில் திருத்தம் வருவது ஒரு நாள். அதை எடுத்து, உங்கள் மாடலுக்குப் பொருந்தும்படி கம்பெனி அப்டேட் தயாரிப்பது வேறொரு நாள். அந்த அப்டேட்டை நீங்கள் உங்கள் பெட்டியில் போடுவது இன்னொரு நாள். முதல் நாளிலேயே ஓட்டை எங்கே இருக்கிறது என்பது உலகத்துக்கே தெரிந்துவிடும். மூன்றாவது நாள் வரும் வரை உங்கள் பெட்டி திறந்தேதான் இருக்கும். பல வீடுகளில் அந்த மூன்றாவது நாள் வருவதே இல்லை என்பதுதான் உண்மையான பிரச்னை.

‘எங்க வீட்டில் நாஸே இல்லையே!’

நல்லது. ரவுட்டர் இருக்கிறதா? அதன் பின்பக்கம் யு.எஸ்.பி ஓட்டை இருக்கிறதா பாருங்கள். அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கையோ பிரின்டரையோ சொருகி, வீட்டில் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். அப்படிச் சொருகினால், அதுவும் ஒரு குட்டி நாஸ்தான்.

இந்த வசதிக்காகப் பல ரவுட்டர் கம்பெனிகள் ‘நெட்யு.எஸ்.பி’ என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்தின. தைவானைச் சேர்ந்த கேகோட்ஸ் என்ற கம்பெனி எழுதியது. 2015 மே மாதம், ஆஸ்திரியாவின் செக் கன்சல்ட் நிறுவனம் அதில் ஒரு தவறைக் கண்டுபிடித்தது. இதுவும் அறிமுகப் பேச்சுதான். ‘உன் கம்ப்யூட்டர் பெயர் என்ன?’ என்று ரவுட்டர் கேட்கும். பெயர் எழுத ஒதுக்கிய இடம் 64 எழுத்து. அதைவிட நீளமான பெயர் சொன்னால் வழியும். அவ்வளவுதான்! இது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையத்திலேயே ஓடும் புரோகிராம் என்பதால், வழிந்த இடம் ரவுட்டரின் கருவறை. டி.பி-லிங்க், நெட்கியர் ரவுட்டர்கள் உட்படப் பல மாடல்களில் இது இருந்தது.

தெரிந்த தவறு, ஏன் தீரவில்லை?

பஃபர் ஓவர்ஃப்ளோ புதிது இல்லை. 1988 நவம்பர் 2-ம் தேதி, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய ஒரு புரோகிராம், அன்றைய சின்ன இன்டர்நெட்டையே முடக்கியது. அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று, 512 பைட் இடத்தில் 536 பைட்டைக் கொட்டியது. வெறும் 24 பைட் வழிந்ததில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் படுத்தன. தண்டனை பெற்ற மோரிஸ், பிற்பாடு எம்.ஐ.டி-யில் பேராசிரியர் ஆனது தனிக்கதை.

அப்போதே தெரிந்த தவறு இன்னும் ஏன் தொடர்கிறது? காரணம், இந்தப் பெட்டிகளுக்குள் ஓடும் சாஃப்ட்வேரில் பெரும்பகுதி ‘சி’ மொழியில் எழுதப்பட்டது. வேகமான மொழி, சின்னக் கருவிகளுக்கு ஏற்ற மொழி. ஆனால், ‘கிண்ணம் நிரம்பிவிட்டதா’ என்று அது தானாகப் பார்க்காது. பார்க்கும் பொறுப்பு எழுதுகிறவருடையது. லட்சக்கணக்கான வரிகளில் ஓர் இடத்தில் மறந்தாலும் போதும்.

2024 மே மாதம்கூட இது நடந்தது. வாட்ச்டவர் என்ற நிறுவனம், க்யூநாப் நாஸ் சாஃப்ட்வேரில் 15 குறைகளைப் பட்டியல் போட்டது. அதில் ஒன்று, ‘இந்தக் கோப்பைப் பார்’ என்று நண்பர்களுக்கு லிங்க் அனுப்பும் பகுதியில் இருந்தது. எழுத்துகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு, அளவே பார்க்காமல் காப்பி செய்யும் பழைய கட்டளை ஒன்றை அங்கே பயன்படுத்தியிருந்தார்கள். அந்த லிங்க்கில் இருக்கும் ரகசியக் குறியீடு கையில் இருந்தால்தான் உள்ளே நுழைய முயற்சி செய்ய முடியும் என்பது கொஞ்சம் ஆறுதல். நாமோ அந்த லிங்க்கைத்தான் 200 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம்! க்யூநாப் அந்த மாதமே அப்டேட் வெளியிட்டுவிட்டது.

ஒரே இரவில் காலியான பெட்டிகள்

‘யாரோ ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார், கம்பெனி சரிசெய்தது. நமக்கென்ன?’ என்று தோன்றலாம். ஆராய்ச்சியாளர் வருவதற்கு முன்பு திருடர் வந்தால், அல்லது கம்பெனி சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஜூன் மாதம் பதில் சொன்னது.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ என்ற நாஸை வைத்திருந்த பலர், ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. போல்டர்கள் இருக்கின்றன, படங்கள் இல்லை. கடையிலிருந்து வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படி ஆகிவிட்டது. யாரோ இன்டர்நெட் வழியாக வந்து ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுத்திருந்தார்கள்.

இது பஃபர் ஓவர்ஃப்ளோ இல்லை, வேறு ரகத் தவறு. ரீசெட் செய்யும் முன் பாஸ்வேர்ட் கேட்க வேண்டிய வரிகளை, 2011-ல் புரோகிராமைத் திருத்தி எழுதியபோது செயலிழக்க வைத்துவிட்டார்கள். அது அப்படியே பத்து வருடம் இருந்தது. அந்த மாடல் விற்பனைக்கு வந்தது 2010-ல். கடைசி அப்டேட் வந்தது 2015-ல். அதற்குப் பிறகு கம்பெனி அதைக் கைவிட்டது. ஆனால் வாங்கியவர்கள் கைவிடவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி, மேலும் ஆறு வருடங்கள் படங்களைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு கம்பெனி இலவசமாக டேட்டா மீட்டுத் தருவதாக அறிவித்தது.

பணம் கேட்கும் கும்பல்கள் வேறு. 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற ரான்சம்வேர் க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. அந்த வருட அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் ஒரு வேலை செய்தது. கும்பலுக்குப் பணம் அனுப்புவது போல அனுப்பி, சாவி வந்தவுடன் பணப் பரிமாற்றத்தை ரத்து செய்துவிட்டது. இப்படி 150-க்கும் மேற்பட்ட சாவிகளைக் கறந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், எல்லோருக்கும் அந்த போலீஸ் வருமா?

இனி என்ன செய்யலாம்?

நாஸ் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. நல்ல கருவிதான். ஆனால் பீரோ மாதிரி வாங்கிப் போட்டுவிட்டு மறக்கிற பொருள் இல்லை அது. ஆறு வேலைகள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

1. அப்டேட்: நாஸின் செட்டிங்ஸில் ‘ஆட்டோமேட்டிக் அப்டேட்’ இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். ரவுட்டருக்கும் இதே மாதிரி பாருங்கள். கடைசி அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். உங்கள் மாடலுக்கு இனி அப்டேட் வராது என்று கம்பெனி அறிவித்துவிட்டதா? அப்படியானால் அதை இன்டர்நெட் பக்கமே காட்டாதீர்கள். புதியதுக்கு மாறும் நேரம் வந்துவிட்டது.

2. வாசல் கதவு: ஊரில் இருந்தாலும் வீட்டுப் படங்களைப் பார்க்கலாம் என்பதற்காக, ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ செய்து நாஸை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைத்திருப்பார்கள். ரவுட்டரில் ‘யு.பி.என்.பி’ ஆன் ஆகியிருந்தால், நாஸ் தானே கேட்டுத் திறந்துகொண்டிருக்கவும் கூடும். இரண்டையும் மூடுங்கள். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் வி.பி.என் வழியாகப் பாருங்கள். இந்த ஒரு காரியம், உலகம் முழுக்க இருக்கும் திருடர்களை உங்கள் வாசலிலிருந்து தெருமுனைக்குத் தள்ளிவிடும்.

3. தேவையில்லாத ஜன்னல்கள்: ‘ஃபைல் சர்வீஸஸ்’ பகுதியில் ஏ.எஃப்.பி என்று ஒன்று இருக்கும். நெட்டாடாக் பேசும் மொழி அதுதான். ஆப்பிளே 2013 முதல் எஸ்.எம்.பி என்ற வேறு முறைக்கு மாறிவிட்டது. வீட்டில் மிகப் பழைய மேக் எதுவும் இல்லையென்றால் ஏ.எஃப்.பி-யை ஆஃப் செய்யுங்கள். பயன்படுத்தாத ஆப்களையும் நீக்குங்கள். ரவுட்டரின் யு.எஸ்.பி ஷேரிங் வேண்டாம் என்றால், அதையும் அணையுங்கள்.

4. பாஸ்வேர்ட்: இது பஃபர் ஓவர்ஃப்ளோவைத் தடுக்காது. ஆனால் மற்றத் திருடர்களைத் தடுக்கும். ‘அட்மின்’ என்ற பெயரில் இருக்கும் கணக்கை முடக்கி, வேறு பெயரில் கணக்கு தொடங்குங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் ஆன் செய்யுங்கள்.

5. இன்னொரு பிரதி: இதுதான் ஆறிலும் முக்கியம். பலர் ‘ரெய்டு போட்டிருக்கேன், கவலையில்லை’ என்பார்கள். இன்கம்டாக்ஸ் ரெய்டு இல்லை! இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரே தகவலை எழுதிவைக்கும் ஏற்பாடு. ஒரு டிஸ்க் பழுதானால் அது காப்பாற்றும். ஆனால் ஒருவர் உள்ளே வந்து அழித்தால், இரண்டிலும் சேர்ந்தே அழியும். ரெய்டு என்பது பேக்கப் இல்லை. 3-2-1 என்று ஒரு வழி சொல்வார்கள். மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். வீட்டு அளவில் இதைச் செய்வது சுலபம். ஒரு யு.எஸ்.பி ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு தடவை நாஸில் இருப்பதைக் காப்பி செய்து, கழற்றி எடுத்து பீரோவில் வையுங்கள். கழற்றுவது முக்கியம், கேபிளே இல்லாத டிஸ்க்குக்குள் எந்த ஹேக்கரும் வர முடியாது. வருடத்துக்கு ஒரு தடவை இன்னொரு பிரதி எடுத்து, ஊரில் இருக்கும் அம்மா வீட்டில் கொடுத்து வையுங்கள். தீ, வெள்ளம், திருட்டு எல்லாவற்றுக்கும் அதுவே பதில்.

6. திறந்து பாருங்கள்: பேக்கப் எடுத்த டிஸ்க்கை லேப்டாப்பில் சொருகி, பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பும், எடுக்காத பேக்கப்பும் ஒன்றுதான்.

ஒருவேளை, என்றைக்காவது உங்கள் கோப்புகளின் பெயர் விசித்திரமாக மாறியிருந்தாலோ, பணம் கேட்டு அறிவிப்பு வந்தாலோ, முதலில் பிடுங்க வேண்டியது நெட்வொர்க் கேபிளை. பதற்றத்தில் ரீசெட் பட்டனை அழுத்தாதீர்கள், எதையும் புதிதாக அதில் எழுதாதீர்கள். அழிந்ததை மீட்க முடிகிற வாய்ப்பு அதில்தான் இருக்கிறது. திரையைப் படம் எடுத்துக்கொண்டு, கம்பெனியின் உதவி மையத்தையும், சைபர் க்ரைம் உதவி எண் 1930-ஐயும் தொடர்புகொள்ளுங்கள்.

பழுதான நாஸைக் கடையில் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் இருக்கும் தாத்தாவின் குரலை வாங்க முடியாது. நாஸ் கம்பெனி நாலு பைட்டைச் சரிபார்த்ததா என்பது நம் கையில் இல்லை. பீரோவில் இன்னொரு பிரதி இருக்கிறதா என்பது நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்த வாரம்: பழைய போனை விற்பதற்கு முன் எதையெல்லாம் அழிக்க வேண்டும்?